நாய்க்குத் தீனி: எப்போது, எதற்கு, எவ்வளவு?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தண்ணீர் மோட்டார் விஷயம் முடிந்ததும் நாய் விஷயம் வந்தது. ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். முடிவு எதுவும் எடுக்காமல் எல்லோரும் கோபத்தோடு வீட்டுக்குப் போனோம். அதன் பிறகு செயலாளர் என்னிடம், "சார், உங்க வீட்டுல முப்பது வருஷமா நாய் இருக்கு. அடுத்த கூட்டத்துல அரை மணி நேரம் பேசுங்க" என்றார். நான் பாங்கில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன், கால்நடை மருத்துவன் அல்ல. நாய் வளர்த்ததில் தெரிந்ததையும், எங்கள் நாயைப் பார்க்கும் மருத்துவர் பல வருஷமாகச் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இந்தக் காலாண்டில் வளர்ப்பு நாய் பற்றி எழுதியவை இரண்டே வகை. ஒன்று, லிஃப்டில் ஆள் மேலே பாய்கிறது. இரண்டு, காலிங் பெல் அடித்தால் விடாமல் குரைக்கிறது. கடித்ததாக ஒரு புகார்கூட இல்லை. அதனால் இது கைமீறிப் போன விஷயம் அல்ல.

நாயே வேண்டாம் என்று தீர்மானம் போடலாமே என்று சிலர் கேட்டீர்கள். போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. நாய் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆகவே மிச்சம் இருப்பது ஒரே வழி: நாயைப் பழக்குவது.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு விஷயம் சொல்கிறேன். பி பிளாக்கில் வாடகைக்கு இருப்பவர்களின் பிரவுனியை எல்லோருக்கும் தெரியும். நாட்டு நாய், இரண்டு வயது, பதினைந்து கிலோ. அதே பிளாக்கில் இடுப்பு ஆபரேஷன் ஆன எழுபத்து நாலு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் கதவு திறந்ததும் பிரவுனி அவர் மேல் பாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை. விழுந்திருந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரி, திரும்பவும் படுக்கை. அவருடைய பயம் முழுக்க நியாயமானது. விஷயம் வீட்டு உரிமையாளருக்குப் போயிற்று. நாயை அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று அவர் இரண்டு மாதம் டயம் கொடுத்தார்.

நாயை எங்கே அனுப்புவது? ஊரில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் எல்லோருக்கும் கிடையாது. ஈ.சி.ஆர். பக்கம் போகும்போது கழுத்துப் பட்டையோடு ரோடு ஓரத்தில் நிற்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். அது வழி தவறி வந்ததா, யாராவது காரிலிருந்து இறக்கிவிட்டுப் போனதா என்று அதற்குத்தான் தெரியும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனாலும் நடக்கிறது. அப்படி நடக்காமல் இருக்கவும், அந்த அம்மா பயமில்லாமல் லிஃப்டில் போய்வரவும் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

பிரவுனி வீட்டில் யாரும் அதை அடிப்பதில்லை. தீனிக்கும் குறைவில்லை. சிக்கல் அந்தத் தீனியில்தான் இருந்தது.

எதற்குக் கூலி கிடைக்கிறதோ, அது நிலைக்கும்

கடையில் 'ட்ரீட்' என்று விற்கிறார்கள். நான் தீனி என்றே சொல்கிறேன். வேளா வேளைக்கு வைக்கும் சாப்பாடு வேறு, பழக்குவதற்காகக் கையால் கொடுக்கும் சின்னத் துண்டு வேறு. இரண்டாவதைத்தான் இங்கே தீனி என்கிறேன்.

1898-இல் தார்ன்டைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பூனையைக் கூண்டில் அடைத்து, வெளியே சாப்பாடு வைத்தார். பூனை பிராண்டிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது, கடைசியில் தற்செயலாகக் கதவைத் திறக்கும் கயிற்றை இழுத்துவிட்டது. வெளியே வந்து சாப்பிட்டது. திரும்பத் திரும்ப அடைத்தபோது, மற்ற வேலைகளை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு நேராகக் கயிற்றுக்கே போனது. நல்ல பலன் தந்த செயல் நிலைக்கும், தராத செயல் உதிரும். நாய்ப் பழக்கத்துக்கும் இதுதான் அடிப்படை.

இதை நம் வீட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். வாசலில் கொரியர் பையன். நாய் குரைக்கிறது. அம்மா போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "சும்மா இரு, இந்தா" என்று ஒரு பிஸ்கட்டைப் போடுகிறார். குரைப்பு நின்றுவிட்டது. அம்மா வரையில் வேலை முடிந்தது. நாய் வரையில் என்ன நடந்தது? குரைத்தேன், பிஸ்கட் வந்தது. அடுத்த தடவை பெல் அடிக்கும்போது அது இன்னும் சீக்கிரமாகக் குரைக்கும். குரைப்பை நிறுத்தக் கொடுத்த பிஸ்கட், குரைப்பதற்கான கூலியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜர்னலில் ஒரு தொகை எழுதினால், இன்ன காரணத்துக்காகக் கொடுத்தது என்று கீழே நேரேஷன் எழுத வேண்டும். நாய்க்கு நீங்கள் தீனி கொடுக்கும்போது நேரேஷனை நீங்கள் எழுதுவதில்லை, நாய்தான் எழுதிக்கொள்கிறது. அது எழுதுவது ஒன்றே ஒன்று: வாய்க்குத் துண்டு வந்த அந்த நொடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

முன்னால் காட்டுவது லஞ்சம், பின்னால் தருவது சம்பளம்

இன்னொரு பழக்கம், தீனியைக் காட்டிக் காரியம் சாதிப்பது. நாய் சோபாவில் ஏறிவிட்டது. பாக்கெட்டைக் குலுக்கினால்தான் இறங்கும். நாளடைவில் பாக்கெட் இல்லாவிட்டால் இறங்காது. அதோடு, இறங்கினால்தானே பிஸ்கட், அதற்கு முதலில் ஏற வேண்டுமே என்று வேண்டுமென்றே ஏறவும் கற்றுக்கொள்ளும். நாய் அவ்வளவு கணக்குப் போடுமா என்று கேட்காதீர்கள். போடும்.

புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும்போது தீனியைக் காட்டலாம். உட்காரச் சொல்லிக் கொடுக்க, துண்டை மூக்குக்கு முன்னால் பிடித்து மெதுவாக மேலே, தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோனால், மூக்கு மேலே போகும், பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். ஐந்தாறு தடவை இப்படிச் செய்யுங்கள். அதற்குப் பிறகு வெறும் கையால் அதே சைகை. நாய் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்தோ, பின்னால் வைத்திருக்கும் டப்பாவிலிருந்தோ துண்டு வர வேண்டும். தீனி கண்ணில் தெரியாதபோதும் சொன்னதைச் செய்கிறதா என்பதுதான் சோதனை.

ஒரு வினாடிக் கணக்கு

நாய் நல்லதைச் செய்ததற்கும் துண்டு வாய்க்குப் போவதற்கும் நடுவே ஒரு வினாடி, மிஞ்சிப் போனால் இரண்டு வினாடிதான் இருக்கலாம். நாய் அழகாக உட்காருகிறது. நீங்கள் பையைத் துழாவுகிறீர்கள். அதற்குள் எழுந்து உங்கள் பையை முகர்கிறது. துண்டைக் கொடுக்கிறீர்கள். பையை முகர்ந்ததற்குச் சம்பளம் போய்விட்டது.

கை அவ்வளவு வேகம் வராது, உண்மைதான். அதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. ஒரு சின்ன வார்த்தையைத் தேர்ந்தெடுங்கள். 'சரி' வேண்டாம், நாள் முழுக்கப் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். 'சபாஷ்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள், வேறு வேலை எதுவும் சொல்லாமல், சபாஷ் என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது துண்டு. சபாஷ் என்றால் தீனி வரப்போகிறது என்று நாய்க்குப் பதிந்துவிடும். அதன் பிறகு சரியான நொடியில் சபாஷ் சொல்லிவிட்டால், துண்டு இரண்டு மூன்று வினாடி தாமதமாகப் போனாலும் பாதகமில்லை. டால்பின் பழக்குபவர்கள் விசில் ஊதுவதும் இதற்குத்தான். குளத்தின் நடுவில் குதிக்கும் டால்பினுக்கு அந்த நொடியில் மீன் கொடுக்க முடியாது, விசில் சத்தம் போய்ச் சேரும்.

ஆனால் சபாஷ் சொன்னால் கட்டாயம் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விடுவது, பணம் இல்லாத கணக்கில் செக் கொடுப்பது போல. இரண்டு தடவை திரும்பி வந்தால் மூன்றாவது தடவை யாரும் வாங்க மாட்டார்கள்.

லிஃப்ட்: பாயாதே என்பதற்குப் பதில் என்ன?

கெட்ட பழக்கத்தைத் திருத்தும்போது நாம் எல்லோரும் 'செய்யாதே' என்பதிலேயே நிற்கிறோம். பாயாதே என்று நாய்க்கு எப்படிப் புரிய வைப்பது? பாயாமல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த வேலை, பாய்வதோடு சேர்ந்து செய்ய முடியாததாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நாயால் பாய முடியாது. ஆகவே பாய்வதை நிறுத்த நாம் தீனி கொடுக்கவில்லை, உட்காருவதற்குக் கொடுக்கிறோம். உட்காருவது லாபம் என்றானால் பாய்வது தானாகக் குறையும்.

பிரவுனிக்கு ஏழு வாரம் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே, ஹாலில். உட்கார், சபாஷ், துண்டு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா 'சிட்' என்றும் பாட்டி 'உக்காரு' என்றும் சொன்னால் நாய் குழம்பும்.

இரண்டாவது வாரம், ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரத்தில், மூடியிருக்கும் லிஃப்ட் கதவுக்கு முன்னால். பிறகு கதவு திறக்கும்போது, காலி லிஃப்டில். கதவு திறந்ததும் உட்கார்ந்தால் துண்டு. எழுந்தால் துண்டு இல்லை, கதவு மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது, நான்காவது வாரம், லிஃப்டுக்குள் தெரிந்த ஆள் ஒருவர். நான்தான் நின்றேன். பிரவுனி பத்து அடி தள்ளி. அங்கே உட்கார்ந்தால் ஒரு அடி கிட்டே. பாய முயன்றால் நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வேன், அது இரண்டு அடி பின்னால் போகும். பிரவுனி பாய்ந்தது விரோதத்தால் அல்ல, ஆளைப் பார்த்த சந்தோஷத்தால். அதற்கு மனிதரின் கவனமே பெரிய தீனி. 'ஏய், இறங்கு' என்று கத்தினாலும் அது கவனம்தான். கையால் தள்ளினால் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்ளும். திரும்பிக்கொண்டால் ஒன்றும் கிடைக்காது.

ஐந்தாவது வாரத்திலிருந்து லிஃப்டுக்குள். நாய் மூலையில், கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர் நாய்க்கும் மற்றவருக்கும் நடுவில். துண்டைத் தரைக்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். மேலே தூக்கிப் பிடித்துக் கொடுத்தால், துண்டுக்காகவே நாய் எழும்பும்.

இன்றைய நிலவரம்: பத்துத் தடவையில் ஒன்பது தடவை பிரவுனி உட்காருகிறது. அந்த ஒரு தடவை இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த அம்மா இன்னும் அடுத்த லிஃப்டில்தான் போகிறார். அது அவருடைய உரிமை, யாரும் அவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் போன வாரம் கதவுக்கு முன்னால் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டு உரிமையாளர் இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வாலை யாரும் நிமிர்த்த வேண்டாம். நாலு காலும் தரையில் இருந்தால் போதும்.

காலிங் பெல்: முதலில் சத்தம், பிறகு தீனி

குரைப்பில் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். ஏதாவது வேண்டும் என்று குரைப்பது ஒன்று: டைனிங் டேபிளுக்கு அடியில் நின்று கேட்பது. பயத்தால் குரைப்பது இன்னொன்று: பெல் அடித்தால், ஹெல்மெட் போட்ட ஆள் வந்தால், பட்டாசு வெடித்தால்.

கேட்டுக் குரைப்பதற்கு மருந்து, கொடுக்காமல் இருப்பது. அமைதியாகத் தன் இடத்தில் படுத்திருக்கும்போது நீங்களாகப் போய் ஒரு துண்டு வைத்துவிட்டு வாருங்கள். நல்ல பிள்ளையாக இருக்கும்போது கண்டுகொள்ளாமல், கத்தும்போது மட்டும் திரும்பிப் பார்ப்பது பல வீடுகளில் நடக்கிறது.

பயக் குரைப்புக்கு இந்த வழி உதவாது. இங்கே செயலை விட உணர்ச்சியை மாற்ற வேண்டும். ரஷ்யாவின் பாவ்லோவ் செய்த சோதனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. அதே நாய்களிடம் அவர் கண்டது, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, அந்த ஒலி கேட்டாலே எச்சில் ஊறுகிறது என்பது. அதைத்தான் நாம் காலிங் பெல்லுக்குச் செய்கிறோம்.

உங்கள் வீட்டு பெல் சத்தத்தை செல்போனில் பதிவு செய்யுங்கள். நாய் காதைத் தூக்கும், ஆனால் குரைக்காது என்கிற அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் வந்ததும் நல்ல துண்டு ஒன்று. பத்துத் தடவை. மறுநாள் ஒரு புள்ளி சத்தம் அதிகம். குரைத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு புள்ளி குறையுங்கள். வரிசை முக்கியம்: சத்தம் முதலில், தீனி பிறகு. தீனியை முதலில் எடுத்தால், டப்பா திறந்தாலே பெல் அடிக்கப்போகிறது என்று நாய் கலவரப்படும்.

சத்தத்துக்குப் பழகிய பிறகு, பெல் கேட்டால் போய் நிற்பதற்கு ஒரு இடம் கொடுங்கள். ஒரு பழைய பாய் போதும், வாசலிலிருந்து தள்ளி. பெல் அடித்தால் பாய்க்குப் போவது, அங்கே துண்டு. அதன் பிறகுதான் நீங்கள் கதவைத் திறக்க வேண்டும்.

பயந்த நாய்க்குத் தீனி கொடுத்தால் பயம் கூடுமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. குரைப்பது செயல், அதற்குக் கூலி கொடுத்தால் வளரும். பயம் உணர்ச்சி. இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தையை மடியில் உட்கார வைத்தால் அதற்குப் பயம் அதிகமாவதில்லை.

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க ஊளையிடும் நாய்க்குத் தீனி மருந்தாகாது. அது தனிமை, அல்லது போதிய நடை இல்லாதது, சில சமயம் உடம்பு சரியில்லாதது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாத்தா ஒரு தடவை கொடுத்தால்

தாத்தாக்கள் மன்னிக்க வேண்டும், நானும் தாத்தாதான். வீட்டில் நாலு பேர் சாப்பாட்டு மேஜையில் ஒன்றும் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறார்கள். தாத்தா மட்டும் பத்து நாளைக்கு ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது, ஒரு துண்டு இட்லி கொடுக்கிறார். ஒரு தடவைதானே என்பார். எப்போதாவது கிடைப்பதுதான் தினமும் கிடைப்பதைவிடப் பலமாகப் பிடிக்கும். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள் ஏன் விடாமல் வாங்கினார்கள்? எப்போதோ ஒரு தடவை விழுந்ததால்தான். நாய் பத்து நாளும் மேஜைக்கு அடியில் காத்திருக்கும்.

இதே குணத்தை நாம் நல்லதற்கும் பயன்படுத்தலாம். புதிதாகக் கற்கும்போது ஒவ்வொரு தடவையும் தீனி. நன்றாகப் படிந்த பிறகு இரண்டுக்கு ஒரு தடவை, நாலுக்கு ஒரு தடவை, சில சமயம் தட்டிக்கொடுப்பது, சில சமயம் பந்து. அடுத்தது எப்போது வரும் என்று தெரியாததால் நாய் சலிக்காமல் செய்யும். ஆயுள் முழுக்கச் சட்டைப் பையில் டப்பாவோடு அலைய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதுவரை கூலி கிடைத்துவந்த பழக்கத்துக்குக் கூலியை நிறுத்தினால், முதல் சில நாள் அந்தப் பழக்கம் அதிகமாகும். ஏ.டி.எம்.மில் பணம் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பட்டனை இன்னும் நாலு தடவை அழுத்துகிறோம், மெஷினைத் தட்டுகிறோம், அப்புறம்தான் போகிறோம். நாயும் அப்படித்தான். அந்த நாட்களில் மனமிரங்கி ஒரு பிஸ்கட் போட்டால், இன்னும் பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். பழக்க ஆரம்பிக்குமுன் பக்கத்து வீட்டில், "ஒரு வாரம் சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

என்ன கொடுக்கலாம், எவ்வளவு?

துண்டு சின்னதாக இருக்க வேண்டும். ஒரு கொண்டைக்கடலையில் பாதி. நாய் எத்தனை தடவை கிடைத்தது என்றுதான் பார்க்கிறது, எவ்வளவு பெரிது என்று பார்ப்பதில்லை. மென்று தின்ன அரை நிமிஷம் ஆகும் துண்டு பழக்கத்துக்கு ஆகாது.

ஒரு நாளைய உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. பதினைந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 முதல் 900 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு 80, 90. ஒரு மேரி பிஸ்கட்டே சுமார் 25 கலோரி. அதாவது மூன்று பிஸ்கட்டில் அன்றைய பட்ஜெட் முடிந்தது. அதிகம் பழக்கும் நாளில் அளவாக எடுத்து வைத்த அதன் சாப்பாட்டிலிருந்தே துண்டுகளை எடுத்துக்கொண்டு, தட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள்.

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன், அவித்த முட்டை நல்லது. சைவ வீடுகளில் பனீர், கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, விதை எடுத்த ஆப்பிள். வீட்டுக்குள் சுலபமான வேலைக்குக் கேரட் போதும். லிஃப்ட், காலிங் பெல் போன்ற கஷ்டமான இடத்துக்குச் சிக்கனையோ பனீரையோ வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டமான வேலைக்குச் சம்பளமும் அதிகம்.

கொடுக்கவே கூடாதவை: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம். பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சையையும் சாம்பாரில் இருக்கும் வெங்காயத்தையும் மறந்துவிடாதீர்கள். சமைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

அடித்தால் என்ன?

அந்தக் காலத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. உறுமும் நாயை அடித்தால் உறுமலை நிறுத்திக்கொள்ளும், உண்மை. பயம் போகாது. உறுமல் என்பது கிட்டே வராதே என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை அடித்து அடக்கினால், அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிக்கும். குழந்தைகள் ஓடியாடும் குடியிருப்பில் உறுமும் நாயைவிட, உறுமாமல் கடிக்கும் நாய்தான் ஆபத்து.

அதே சமயம், தீனியால் எல்லாம் சரியாகும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு தடவையாவது கடித்த நாய், சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் யாரையும் விடாத நாய், இவற்றை வீட்டில் நீங்களாகப் பழக்க முயல வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, நாய்களின் நடத்தை தெரிந்த பயிற்சியாளரை வைத்துச் செய்யுங்கள். அதுவரை பொது இடத்தில் வாய்க்கூடு போடுங்கள். தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் எல்லா நாய்க்கும் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாய் இல்லாதவர்களுக்கும்

கடைசியாக, எல்லோரிடமும் நாலு வேண்டுகோள்.

ஒன்று, அடுத்த வீட்டு நாய்க்கு வளர்ப்பவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். அன்பாகத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் மேலே பாயும்போது நீங்கள் போடும் ஒரு பிஸ்கட், அந்த வீட்டின் ஒரு வார உழைப்பைத் தின்றுவிடும்.

இரண்டு, நாய் பாய வந்தால் கத்தாமல், கையைத் தூக்காமல், பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஓடினால் துரத்தும்.

மூன்று, நாய் வளர்ப்பவர்கள் லிஃப்டில் ஏறுமுன் உள்ளே இருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த லிஃப்டில் போங்கள். லிஃப்டில் ஏற்றச் சட்டம் அனுமதிக்கிறது, பக்கத்து வீட்டாரின் மனசையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நான்கு, வாட்ஸப் குழுவில் போடுமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். பிரவுனியின் வீட்டார் லிஃப்ட் விஷயத்தை முதலில் தெரிந்துகொண்டது, நூற்று நாற்பது பேர் படித்த பிறகுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலை ஏழு மணி முதல் ஏழரை வரை, பின்பக்கக் கார் பார்க்கிங்கில் நான் இருப்பேன். நாயைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவாருங்கள். சின்னச் சின்னதாக நறுக்கிய தீனி ஒரு டப்பா கொண்டுவாருங்கள். காலையில் நாய்க்குச் சாப்பாடு வைக்காமல் வந்தால் நல்லது, பசி இருந்தால் பாடம் சீக்கிரம் ஏறும். லிஃப்டில் 'தெரிந்த ஆளாக' நிற்க இரண்டு மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். நாய் வளர்க்காதவர்கள் வந்தால் ரொம்ப உபகாரமாக இருக்கும்.